இரவு எட்டரைக்கு பிரிஸ்கெட் கேட்டது என் தவறா?

ஈஸ்ட்ஹாம்வாசி

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. சென்னையிலிருந்து வந்திருக்கும் மைத்துனனும் அவன் மனைவியும், இந்தப் பக்கம் என் மனைவியும் நானும். லண்டனில் ‘டெக்சஸ் பாணி’ என்று பலகை மாட்டியிருக்கும் ஒரு பார்பிக்யூ உணவகத்துக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். திட்டுவதற்காக எழுதவில்லை, எனக்கு விளங்காததைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

மைத்துனன் உட்கார்ந்தவுடன் மேசை நடுவே அடுப்பைத் தேடினான். சென்னையில் அவனுக்குத் தெரிந்த பார்பிக்யூ அதுதான்: மேசைக்குள் கரி அடுப்பைப் பதித்து, கம்பியில் கோத்த இறாலும் கோழியும் அன்னாசியும் கொண்டுவந்து செருகிக்கொண்டே இருப்பார்கள், சின்னக் கொடியைச் சாய்த்தால்தான் நிறுத்துவார்கள். இங்கே அலுமினியத் தட்டில் பழுப்புக் காகிதம் விரித்து, அதன்மேல் கறித்துண்டுகள், ஓரத்தில் வெள்ளரி ஊறுகாய், வெங்காயம், இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி. “அடுப்பு எங்கே அத்தான்?” என்று கேட்டான். பின்கட்டில் இருக்கிறது என்றேன்.

கேள்வி பிரிஸ்கெட்டைப் பற்றியது, அதாவது பல மணி நேரம் புகையில் வேகவைத்த மாட்டு நெஞ்சுக்கறி. பெரிதாகச் சொல்கிறார்களே என்று 400 கிராம் வாங்கினோம். ஓரம் கறுத்து மணமாக இருந்தது. உள்ளே நார் நாராக, வாயில் போட்டால் எச்சில் வற்றும் அளவுக்குக் காய்ந்திருந்தது. சாஸை ஊற்றி ஊற்றித்தான் இறங்கியது. பன்றி விலா அருமை, கோழி பரவாயில்லை.

கணக்கு: பிரிஸ்கெட் 38 பவுண்டு, அரை வரிசை விலா 18, கோழி 15, மக்ரோனி சீஸ் 7, முட்டைக்கோஸ் சாலட் 5, குடிபானங்கள் 16. ஆக 99. அதன்மேல் 12.5 விழுக்காடு சேவைக் கட்டணம். 111 பவுண்டு 38 பென்ஸ் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தயிர்சாதம் சாப்பிட்டோம்.

பிரிஸ்கெட் என்றாலே இப்படித்தானா? அல்லது நாங்கள் ஏமாந்தோமா?

சுன்னாகத்தான்

தம்பி, 111 பவுண்டுக்கு நான் ஒரு கால் ஆட்டிறைச்சி வாங்கி, பிரட்டல் வைத்து, உங்கள் தெருவையே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவேன். எச்சில் வற்றினால் சோடாவும் நானே வாங்கித் தருவேன்.

பழைய ஆஸ்டின்காரன்

ஒன்பது ஆண்டுகள் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இருந்துவிட்டு லண்டன் வந்தவன் நான். ஈஸ்ட்ஹாம்வாசி, பிரிஸ்கெட் அப்படி இருக்காது. நல்ல துண்டை விரலின் மேல் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் மடிந்து விழும், ஆனால் அறுந்து விழாது. இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தால் பிரியும். கத்தி வேண்டாம், சாஸும் வேண்டாம்.

உங்கள் தவறு ஒன்றே ஒன்று: இரவு எட்டரை.

மத்திய டெக்சஸில் பார்பிக்யூ பகல் உணவு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஜெர்மானியரும் செக் நாட்டவரும் நடத்திய இறைச்சிக் கடைகளில், விற்காமல் மீந்த கறியைப் புகையில் போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுத்ததிலிருந்து வந்த வழக்கம் அது. பழுப்புக் காகிதம் இன்றும் தட்டில் கிடப்பது அதனால்தான், அலங்காரம் இல்லை. காலை பதினொரு மணிக்குத் திறப்பார்கள், கறி தீர்ந்ததும் கதவை அடைப்பார்கள். 2009இல் ஒரு டிரெய்லரில் தொடங்கிய ஃபிராங்க்ளின் பார்பிக்யூ வாசலில் எட்டு மணிக்கே மடக்கு நாற்காலியுடன் போய் உட்கார்ந்திருக்கிறேன். லெக்சிங்டன் என்ற சின்ன ஊரில் உள்ள ஸ்நோஸ் கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும், அதுவும் காலையில். காலை எட்டரைக்குப் பிரிஸ்கெட் சாப்பிடும் மனிதர்களை அங்கேதான் பார்த்தேன்.

பேச்சு வந்ததால் ஒரு கதை. லாக்ஹார்ட் என்று ஓர் ஊர். அங்கே கிரூஸ் மார்க்கெட், 1900இல் தொடங்கிய கடை. பல காலம் அங்கே முள்கரண்டியும் கிடையாது, சாஸும் கிடையாது. பின்னாளில் கடையை வாங்கியவர் தொழிலை மகன்களுக்கு விற்றார். இறக்கும்போது கட்டடத்தை மகளுக்கு எழுதிவைத்தார். நம் ஊரில் நடக்காததா? குத்தகைத் தகராறு முற்றி, 1999இல் மகன்களில் ஒருவர் கடையின் பெயரோடு புதுக் கட்டடத்துக்குப் போனார். போகும்போது பழைய அடுப்பின் தணலை ஒரு பெரிய தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புது அடுப்பில் கொட்டினார். மகள் பழைய கட்டடத்தில் ஸ்மிட்டீஸ் என்று வேறு கடை திறந்தார். இரண்டும் ஓடுகின்றன. இரண்டிலும் சாப்பிட்டிருக்கிறேன், எது உயர்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். லண்டன்காரர்கள் எட்டு மணிக்குச் சாப்பிட வருவார்கள், பத்து மணிவரை பட்டியலில் உள்ள எல்லாமே கிடைக்க வேண்டும் என்பார்கள். பகலில் வெந்த கறியை இரவுவரை வைத்திருந்தால் காயாமல் என்ன செய்யும்?

புகைக்கூண்டு

ஆஸ்டின்காரர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதியைத் திருத்த வேண்டியிருக்கிறது. மன்னிக்க வேண்டும், நான் லண்டனில் இப்படியொரு கடையின் பின்கட்டில் நான்கு ஆண்டுகளாக அடுப்புப் பார்ப்பவன்.

காத்திருப்பதால் பிரிஸ்கெட் காய்வதில்லை. நீங்கள் ஆஸ்டினில் வரிசையில் நின்று சாப்பிட்டதும் பெரும்பாலும் முதல் நாளே அடுப்பிலிருந்து எடுத்து, இரவெல்லாம் வெதுவெதுப்பில் வைத்த கறிதான். முழுதாக, காகிதத்தில் சுற்றியபடி, 65 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் பத்து மணி நேரம் தாங்கும், இன்னும் மிருதுவாகும். இங்கிலாந்தில் சூடாகப் பரிமாறும் உணவை 63 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது விதி, அதுவும் இதற்குப் பொருந்தி வருகிறது.

கறியைக் கெடுப்பது கத்தி. பிரிஸ்கெட்டை அறுத்துவிட்டால் அதன் ஆயுள் நிமிடக் கணக்குதான். கூட்டம் வருமென்று ஆறு மணிக்கே இருபது துண்டு அறுத்து விளக்கின் கீழ் வைத்துவிட்டால், எட்டரைக்கு வருபவருக்கு நார்தான் கிடைக்கும். அதைவிட மோசம் ஞாயிறு இரவு. பல கடைகளுக்குத் திங்கள் விடுமுறை. சனிக்கிழமை மீந்ததைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கி முடித்துவிடப் பார்ப்பார்கள். உங்களுக்கு நடந்தது அதுதானா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஞாயிறு இரவு நான் பிரிஸ்கெட் கேட்க மாட்டேன்.

இன்னொன்று, எந்தப் பக்கம் கேட்டீர்கள்? பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப்பகுதி. நிற்கும் மாட்டின் பாரத்தில் பெரும்பகுதியை முன்பக்கம்தான் சுமக்கிறது, அதனால் அங்கே இணைப்புத் திசு அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள்: தட்டையான மெலிந்த பக்கம், கொழுப்போடிய தடித்த பக்கம். எதுவும் சொல்லாவிட்டால் மெலிந்த பக்கத்தைத்தான் தருவார்கள், ஏனென்றால் கொழுப்பைப் பார்த்தால் முகம் சுளிப்பவர்களே இங்கே அதிகம். ‘ஃபேட்டி’ அல்லது ‘மாயிஸ்ட்’ என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்: நாருக்குக் குறுக்கே, பென்சில் தடிமனில் இருக்க வேண்டும். நாரின் போக்கிலேயே அறுத்திருந்தால் நன்றாக வெந்த கறியும் கயிறுதான்.

விலையைப் பற்றிக் கேட்டதால் எங்கள் கடைக் கணக்கைச் சொல்கிறேன். முழு பிரிஸ்கெட் ஆறு கிலோ, கிலோ 12 பவுண்டு என்றால் 72 பவுண்டு. வேண்டாத கொழுப்பைச் சீவுவதில் ஒரு கிலோவுக்கு மேல் போகும். அடுப்பில் நீரும் கொழுப்பும் உருகி மீதியில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு போகும். விற்பதற்குக் கையில் நிற்பது 2.7 கிலோ. அதாவது நூறு கிராமுக்குக் கறிச்செலவு மட்டுமே 2 பவுண்டு 70 பென்ஸ். உணவகத்தில் பொருட்செலவு விற்பனையில் முப்பது விழுக்காட்டைத் தாண்டினால் முதலாளிக்குத் தூக்கம் வராது. அப்படிப் பார்த்தால் 9 பவுண்டு, அதன்மேல் இருபது விழுக்காடு வரி. 10 பவுண்டு 80 பென்ஸ் வந்துவிட்டது. நீங்கள் கொடுத்தது நூறு கிராமுக்கு ஒன்பதரை. விலையில் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. கறியில்தான்.

சுன்னாகத்தான்

ஆறு கிலோ வாங்கி மூன்று கிலோவைப் புகைக்குக் கொடுக்கிற வியாபாரத்தை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி

புகைக்கூண்டு, நன்றி. மெலிந்த பக்கம்தான் வந்தது என்று இப்போது புரிகிறது. இன்னொரு சந்தேகம். துண்டின் ஓரத்தில் கறுப்புக்கு உட்புறமாக ஒரு ரோஜா நிற வளையம் இருந்தது. மைத்துனன் மனைவி “வேகவில்லை” என்று தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். நடுப்பகுதி பழுப்பு, ஓரம் மட்டும் சிவப்பு. வெளியிலிருந்து வேகும் கறியில் அது எப்படி?

புகைக்கூண்டு

வெந்துவிட்டது, கவலை வேண்டாம். அடுப்பிலிருந்து எடுக்கும்போது உள்வெப்பம் 95 டிகிரி இருக்கும். விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் ஈரமான மேற்புறத்தில் கரைந்து, சிவப்பு நிறமியான மையோகுளோபினோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய நிறமி வெந்தாலும் பழுப்பாகாது. வாயு உள்ளே போகும் தூரம் அரை அங்குலத்துக்குள்தான், அதனால்தான் வளையம். சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. படம் எடுப்பவர்களுக்குத்தான் அது பெரிய செய்தி.

கொல்லைப்புறம்

நான் இந்த 111 பவுண்டைத் தவிர்க்க வீட்டுத் தோட்டத்தில் முயன்றவன். அனுபவத்தைச் சொல்கிறேன், யாரும் சிரிக்கக் கூடாது.

முதல் சிக்கல் கறிக்கடையிலேயே. இங்கே பிரிஸ்கெட் என்று கேட்டால் எலும்பு நீக்கி, சுருட்டி, நூல் கட்டிய ஒன்றரைக் கிலோ உருளையைத் தருகிறார்கள். அது சட்டியில் போட்டு வேகவைப்பதற்கு. தடித்த பக்கமும் தட்டைப் பக்கமும் பிரியாத முழுத் துண்டு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். புல் மேய்ந்த பிரிட்டன் மாட்டில் உள்கொழுப்பும் குறைவு. தானியம் தின்ற மாட்டில் நடப்பது போல் கொழுப்பு உருகிக் காப்பாற்றாது.

இரண்டாவது, ‘ஸ்டால்’. மாலை ஆறு மணிக்கு ஏற்றினேன், அடுப்பு 120 டிகிரி. நள்ளிரவில் உள்வெப்பம் 68. ஒரு மணிக்கு 68. இரண்டு மணிக்கும் 68. வெப்பமானி பழுதென்று இன்னொன்றைக் குத்தினேன், அதுவும் 68. கரியை அள்ளிப் போட்டேன். பிறகுதான் படித்தேன்: கறியின் மேற்பரப்பில் நீர் ஆவியாவதால், வியர்வை நம்மைக் குளிர்விப்பது போல, கறி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. அடுப்பு கொடுக்கும் சூடெல்லாம் அந்த நீரை விரட்டுவதில் போய்விடும். பொறுத்திருக்க வேண்டும், இல்லையேல் காகிதத்தில் சுற்றிவிட வேண்டும். நான் இரண்டும் செய்யாமல் தீயை ஏற்றினேன். காலையில் கிடைத்ததை நாய்கூட யோசித்துத்தான் தின்றது.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் வந்த தூய காற்றுச் சட்டத்தின் வழியில், நகரின் பெரும்பகுதி இன்றும் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் அது புகைபோக்கிகளுக்கு. தோட்டத்தில் பார்பிக்யூ போடத் தடை இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தொல்லை என்று நகராட்சிக்குப் புகார் போனால்தான் வம்பு. என் பக்கத்து வீட்டு அம்மையார் புகார் செய்யவில்லை, துணிகளை மட்டும் இரண்டாம் முறை துவைத்தார். ஒரு பெட்டி சாக்லேட் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

விறகு மட்டும் நமக்குச் சாதகம். டெக்சஸில் எரிக்கும் போஸ்ட் ஓக்கும் இங்கே கிடைக்கும் ஆங்கில ஓக்கும் வெள்ளை ஓக் வகையைச் சேர்ந்த நெருங்கிய உறவுக்காரர்கள். நன்றாக உலர்ந்ததாக வாங்குங்கள்.

வெண்டைக்காய்

இவ்வளவு நேரமாகப் படிக்கிறேன், கூடப் போகிற சைவக்காரர்களைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. என் கணவரும் மகனும் இந்தக் கடைகளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். என் அனுபவம்:

‘பக்க உணவு’ என்று இருப்பதெல்லாம் சைவம் என்று நினைக்காதீர்கள். அவரைக்கொட்டை மாதிரி இருக்கும் அந்த இனிப்பு பீன்ஸில் கறித்துண்டோ பன்றிக் கொழுப்போ கிடக்கும். கீரையைப் பன்றிக் காலோடு வேகவைப்பது அமெரிக்கத் தென்மாநில வழக்கம். சோள ரொட்டியில் சில இடங்களில் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். நான் கேட்காமல் தின்றுவிட்டுப் பிறகு கேட்டேன். அன்று முழுவதும் ஒன்றும் இறங்கவில்லை. இப்போது முதலில் கேட்கிறேன். முட்டைக்கோஸ் சாலடும் மக்ரோனியும் பெரும்பாலும் பிழையில்லை. பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பை நொதி சேர்ந்திருக்குமா என்று பார்ப்பவர்கள் அதையும் கேளுங்கள்.

உச்சகட்டம் பலாக்காய். ஆம், நம் பலாக்காய்தான். டப்பாவில் வரும் பிஞ்சுப் பலாவை நார் நாராகப் பிய்த்து, இனிப்பு சாஸில் பிரட்டி, பன்னுக்குள் வைத்து 13 பவுண்டு. பரிமாறிய பையன், “இது ஒரு வெப்பமண்டலப் பழம், கறி மாதிரியே இருக்கும்” என்று எனக்கு விளக்கினான். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இரண்டு பலாமரம் உண்டு என்று நான் சொல்லவில்லை. பாவம், ஆர்வமாகச் சொன்னான். சாஸைக் குறைத்து இரண்டு மிளகாயைக் கிள்ளிப்போட்டிருந்தால் நன்றாகவே இருந்திருக்கும்.

ஹாரோ மாமா

பன்றி தவிர்ப்பவர்களுக்கும் ஒன்று. மாட்டிறைச்சித் தொத்திறைச்சி என்று எழுதியிருந்தாலும் மேல்தோல் பன்றிக் குடலாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே பலகை, ஒரே கத்தி என்பதும் நினைவிருக்கட்டும். ஹலால் கறியில் புகைபோடும் கடைகள் லண்டனில் தனியே இருக்கின்றன. அங்கே விலாவும் மாட்டு விலாதான். ஒரு எலும்பு அரைக் கிலோவுக்கு மேல் வரும், இரண்டு பேர் சாப்பிடலாம். என்னைக் கேட்டால் பிரிஸ்கெட்டைவிட அதுவே மேல்; கொழுப்பு அதிகம் என்பதால் சமைப்பவர் கொஞ்சம் தவறினாலும் காய்ந்துபோகாது.

மாடே வேண்டாம் என்பவர்கள் வான்கோழி நெஞ்சைக் கேட்கலாம். டெக்சஸ் கடைகளில் அது சாதாரணமாகவே இருக்கும், இங்கேயும் சில இடங்களில் உண்டு.

பழைய ஆஸ்டின்காரன்

புகைக்கூண்டு, வெதுவெதுப்பில் வைக்கும் விஷயத்தில் என் தவறை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாஸில் விட்டுக்கொடுக்க மாட்டேன். லண்டனில் எல்லா மாநிலத்தையும் ஒரே தட்டில் போட்டுக் குழப்புகிறார்கள். தக்காளியும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்தக் கெட்டிச் சாஸ் கான்சாஸ் சிட்டிக்குரியது. வடக்குக் கரோலினாவின் கிழக்கே முழுப் பன்றியைச் சுட்டுப் பிய்த்து, வினிகரும் மிளகாயும்தான் தெளிப்பார்கள். தெற்குக் கரோலினாவில் கடுகு. அலபாமாவில் கோழிக்கு மயோனைஸும் வினிகரும் கலந்த வெள்ளைச் சாஸ். உப்பும் மிளகும் மட்டும் பூசி விறகில் பதினான்கு மணி நேரம் கிடந்த டெக்சஸ் பிரிஸ்கெட்டின் தலையில் கான்சாஸ் பாகை ஊற்றுவது, நெய்மீன் குழம்பில் ஜாம் விடுவதுபோல.

புகைக்கூண்டு

அண்ணா, ஊற்றாவிட்டால் வாடிக்கையாளர் “சாஸ் எங்கே” என்று கேட்கிறார்களே, நாங்கள் என்ன செய்வது? கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுவோம். கறி நன்றாக வந்த நாளில் கிண்ணம் நிரம்பியபடியே திரும்பி வரும். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அதைத்தான் பார்ப்பேன்.

சேவைக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் உங்கள் விருப்பம். சேவை பிடிக்காவிட்டால் எடுக்கச் சொல்லலாம். ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணத்தை ஊழியர்களுக்கே பிரித்துத் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கறி காய்ந்ததற்குப் பரிமாறிய பெண்ணின் பணத்தைப் பிடிக்காதீர்கள். கறியையே திருப்பி அனுப்புங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். மறுபடி போனோம். அதே கடை, சனிக்கிழமை, திறந்த பத்தாவது நிமிடம். மைத்துனன் ஊருக்குப் போய்விட்டான். மனைவியும் நானும் மட்டும்.

உட்காருவதற்கு முன் கல்லாவில் கேட்டேன்: “இன்றைக்குப் பிரிஸ்கெட் அறுக்கத் தொடங்கிவிட்டீர்களா?” அந்த இளைஞன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “இப்போதுதான் பிரிக்கப் போகிறோம்” என்றான். கறி அறுக்கும் பலகைக்கு எதிரே இருந்த மேசையைக் கேட்டு வாங்கினேன். காகிதத்தைப் பிரித்தபோது உள்ளே தேங்கியிருந்த கொழுப்பு பலகையில் வழிந்தது. முழுத் துண்டும் ஜெல்லியைப் போல ஆடியது. கொழுத்த பக்கம் 200 கிராம் கேட்டேன். அறுத்த கையோடு தட்டுக்கு வந்தது.

விரலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். மடிந்தது. மனைவி “ஊர் பார்க்கிறது, கையை இறக்குங்கள்” என்றாள். இறக்கி வாயில் போட்டேன். மிளகின் காரம் முதலில், பிறகு புகை, அதன்பின் மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் கரைந்தது. வெள்ளை ரொட்டி எதற்கு என்று அன்று தெரியவில்லை. தட்டில் நின்ற கொழுப்பைத் துடைக்க என்று இப்போது தெரிந்தது. வெள்ளரி ஊறுகாய் இல்லாமல் நான்காவது துண்டு தாங்காது. உண்மையைச் சொன்னால் 200 கிராம் இரண்டு பேருக்கு அதிகம்தான்.

பிரிஸ்கெட் 19, சாலட் 5, குடிக்கக் குழாய்த் தண்ணீர். சேவைக் கட்டணத்தோடு 27 பவுண்டு. சாஸ் கிண்ணம் நிரம்பியபடியே திரும்பிப் போனது, புகைக்கூண்டு கவனிக்க.

ஒரே குறை, பகல் முழுவதும் தூக்கம்.

சுன்னாகத்தான்

நானும் போனேன். யாருக்கும் சொல்லாமல் போகலாம் என்றுதான் இருந்தேன், மகள் படமெடுத்துக் குடும்பத்தார் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். பிழை சொல்ல முடியாது தம்பி, நல்ல சாமான்தான். உப்பும் மிளகும் மட்டும் என்று எழுதியதை நான் நம்பவில்லை. இரண்டு தரம் கேட்டேன், அதுதான் என்றார்கள்.

மீந்த நூறு கிராமை மனுசி வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் காலை அதைச் சின்னதாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, மீந்த பிட்டோடு சேர்த்துக் கொத்திப் பிரட்டினார். கொழுப்பு உருகிப் பிட்டுக்குள் இறங்கிவிட்டது. எண்ணெய் விடவே இல்லை.

பழைய ஆஸ்டின்காரன்

பதினான்கு மணி நேரப் புகையைப் பிட்டுக்குள் கொத்தினீர்களா?

புகைக்கூண்டு

ஐயா, பிட்டு எவ்வளவு, கறி எவ்வளவு? எங்கள் கடையில் திங்கட்கிழமைதோறும் நறுக்கு பிரிஸ்கெட் மீந்துபோகிறது.

சுன்னாகத்தான்

பிட்டு நான்கு பங்கு, கறி ஒரு பங்கு. அரிசிமாவுப் பிட்டாக இருக்க வேண்டும், கோதுமைமாப் பிட்டு என்றால் கொழுப்பில் களியாகிவிடும். கடையில் போட்டால் எத்தனை பவுண்டு வாங்குவீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்.